தம்பி தலையில் கட்டி என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, இது புழுவாகவும் இருக்கலாமா?

திருவொற்றியூர் அக்கா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 26 வயது. திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். போன செவ்வாய்க்கிழமை காலை மணிக்கூண்டு பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். திடீரென்று இடது கை தானாக வெட்டி வெட்டி இழுத்து, கிளாஸ் கீழே விழுந்து, அப்புறம் உடம்பு முழுக்க வலிப்பு. டீக்கடைக்காரர் பதறிப்போய் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்து அழுத்திப் பிடித்துக்கொண்டாராம். இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது, ஆனால் அரை மணி நேரம் என்னையே யாரென்று தெரியாமல் முழித்தான். இதற்கு முன்னால் அவனுக்கு ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை. வண்டி ஓட்டும்போது, பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது வந்திருந்தால் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுத்தோம். மூளையின் வலது பக்கம், பெரைட்டல் என்கிற இடத்தில், 13 மில்லிமீட்டர் அளவில் ஒரு ரிங் என்ஹான்ஸிங் லீஷன் (ஊசி மருந்து ஏறியதும் மோதிரம் மாதிரி வட்டமாகத் தெரிகிற இடம்), சுற்றிலும் வீக்கம் என்று ரிப்போர்ட். கடைசி வரியில் டியூபர்குலோமா (டிபி கட்டி), நியூரோசிஸ்டிசெர்கோசிஸ், நியோபிளாசம் (கேன்சர் மாதிரி வளர்கிற கட்டி) என்று மூன்றையும் எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். முதலில் காட்டிய தனியார் ஆஸ்பத்திரியில் படத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. கட்டி, தலையைத் திறந்து எடுத்துவிடலாம், மூன்றரை லட்சம் ஆகும், நாளைக்குள் அட்வான்ஸ் கட்டுங்கள் என்றார்கள். அம்மா அங்கேயே வளையலைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டாள்.

ரிப்போர்ட்டில் நடுவில் இருக்கிற அந்த நீளப் பெயரைத் தேடிப் பார்த்தால் நாடாப்புழு என்று வருகிறது. பன்றிக்கறியால் வரும் என்றும் போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அதைத் தொட்டதே இல்லை. பக்கத்து வீட்டில் ஒருவர், ஃபிரெண்ட்ஸோடு சேர்ந்து எங்கேயாவது சாப்பிட்டிருப்பான் என்று அவன் காதுபடவே சொல்லிவிட்டார். அவன் அதிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சித்தப்பா வேறு, புழுதானே, பூச்சி மாத்திரை கொடுத்தால் செத்துப்போகும் என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு அட்டை வாங்கி வந்து வைத்திருக்கிறார்.

இது உண்மையிலேயே புழுவாக இருக்கலாமா? ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டுமா? யாருக்காவது அனுபவம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

வியாசர்பாடி அம்மா

தங்கச்சி, முதலில் நீ தண்ணீர் குடி. நாங்களும் இதே இடத்தில் நின்றவர்கள்தான்.

என் மகளுக்கு வந்தபோது அவள் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். இப்போது பிளஸ் ஒன். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தவள் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண் மேலே சொருகிவிட்டது. எங்களுக்கும் ஸ்கேனில் கட்டி என்றுதான் சொன்னார்கள். கட்டி என்றால் கேன்சர் என்றுதானே நமக்குத் தெரியும், அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் வாசல்படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, பேனா முனையால் காட்டினார்கள். ஒரு வெள்ளை வட்டம், மோதிரம் மாதிரி. அதற்குள்ளே ஓரமாக ஒரு புள்ளி, கடுகு அளவுகூட இருக்காது. "இந்தப் புள்ளிதான்மா புழுவோட தலை. கேன்சருக்கு இந்த மாதிரி தலை இருக்காது" என்றார்கள். அந்தப் புள்ளியை இன்றைக்குக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன்.

ஆபரேஷன் எதுவும் செய்யவில்லை. வலிப்பு மாத்திரை, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, அதற்கப்புறம் பத்து நாள் ஆல்பெண்டசோல் என்கிற புழு மருந்து. ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வட்டமே இல்லை. ஒன்று மட்டும் நாங்கள் தப்பு செய்தோம். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று, ஊருக்குப் போனபோது ஒரு வாரம் வலிப்பு மாத்திரையை விட்டுவிட்டோம். திரும்பி வரும் பஸ்ஸிலேயே இரண்டாவது தடவை வந்துவிட்டது. அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

பன்றிக்கறி விஷயம். நாங்கள் சாப்பிடுகிறவர்கள்தான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன் வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டார்களாம். தம்பியிடம் இதைச் சொல்.

பெரம்பூர் சிஸ்டர்

நான் ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ். அரசு ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் நியூரோ வார்டில் இருந்திருக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் உங்கள் தம்பிக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதைக் கேட்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல முடியும்.

முதல் காரியம், சித்தப்பா வாங்கி வந்த அட்டையை எடுத்துத் தனியாக வையுங்கள். பூச்சி மாத்திரை அதே ஆல்பெண்டசோல்தான். ஆனால் இது வயிற்றில் இருக்கிற புழு இல்லை. மூளைக்குள் உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்தப் புழுப்பை (நாடாப்புழுவின் குஞ்சு இருக்கிற சின்ன நீர்ப்பை) உடம்பின் எதிர்ப்புச் சக்தியிடமிருந்து மறைந்து, பல வருடம்கூடச் சத்தமில்லாமல் கிடக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு அதைக் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போகும், சுற்றி வீக்கம் வரும், வலிப்பு வரும். ஆக, நிறைய புழுப்பை இருக்கிற ஒருவருக்கு ஸ்டீராய்டு இல்லாமல் மாத்திரையைக் கொடுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் செத்து மூளையே வீங்கிப்போகலாம். கண்ணுக்குள் ஒன்று இருந்தால் பார்வையே போய்விடலாம். அதனால்தான் மருந்து தொடங்கும் முன் கண் டாக்டரிடம் அனுப்பி விழித்திரையைப் பார்க்கச் சொல்வார்கள். ஏற்கெனவே செத்துச் சுண்ணாம்பாகிவிட்ட புழுவுக்கு அந்த மருந்தே தேவையில்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், மெடிக்கல் ஷாப்பில் முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது, பன்றிக்கறி. இதைப் படித்தவர்களே தப்பாகத்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள். சரியாக வேகாத பன்றிக்கறியில் புழுப்பை இருந்தால், அதைச் சாப்பிட்டவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும், அவ்வளவுதான். அந்த மனிதருடைய மலத்தில் முட்டை வெளியே வரும். கை சரியாகக் கழுவாமல் அவர் சமைத்தாலோ, அந்த மலம் தண்ணீரிலோ காய்கறியிலோ கலந்தாலோ, அந்த முட்டையை விழுங்குகிறவருக்குத்தான் (அது அவரேயாகவும் இருக்கலாம்) அது குடலைத் துளைத்து ரத்தத்தில் ஏறித் தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போகும். அதாவது மூளைக்கு வருவது மனித மலத்திலிருந்துதான். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் புரூக்ளினில் பன்றிக்கறியைத் தொடவே தொடாத யூத சமூகத்தைச் சேர்ந்த நான்கு பேருக்கு இது வந்து, விசாரித்துப் பார்த்தபோது வீட்டு வேலைக்கு வந்தவர்கள் வழியாகப் பரவியிருக்கலாம் என்று தெரிந்தது. உங்கள் தம்பி எதையும் ஒளித்துச் சாப்பிட்டிருக்கத் தேவையில்லை. தெருவோரத்தில் பச்சை வெங்காயம், கொத்தமல்லித்தழை தூவிய ஒரு தட்டு போதும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். வட்டமாகத் தெரிகிற எல்லாமே கட்டி இல்லை. நம் நாட்டில் இளவயதில் புதிதாக வலிப்பு வந்து, ஸ்கேனில் சின்னதாக ஒரே ஒரு வட்டம் தெரிந்தால், முதலில் நினைக்க வேண்டியது இந்தப் புழுவையும் டிபியையும்தான். ஒரு காலத்தில் இந்தச் சின்ன வட்டங்களையெல்லாம் டிபி என்று வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுப்பார்கள். வேலூர் சிஎம்சியில் டாக்டர் மேத்யூ சாண்டியும் டாக்டர் ராஜசேகரும் அவற்றில் சிலதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே நாடாப்புழுவின் குஞ்சு. 1989ல் அது லான்செட் என்கிற மருத்துவப் பத்திரிகையில் வந்தது. அதற்கப்புறம் அவர்களே ஒரு அளவுகோல் வகுத்தார்கள். ஒரே ஒரு வட்டம், 20 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, வீக்கம் மூளையின் நடுக்கோட்டைத் தள்ளியிருக்கக் கூடாது, தலைக்குள் அழுத்தம் தொடர்ந்து ஏறியிருக்கும் அறிகுறி இருக்கக் கூடாது, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடக் கூடாது, உடம்பில் வேறு எங்கும் டிபியோ கேன்சரோ இருக்கக் கூடாது. இவ்வளவும் பொருந்தினால் தலையைத் திறக்காமல் மருந்து கொடுத்து, சில மாதம் கழித்துத் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். அந்த வட்டம் பெரும்பாலும் தானாகவே மறைந்துபோகும்.

உங்கள் ரிப்போர்ட்டில் 13 மில்லிமீட்டர் என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனாலும் இதைக் கேளுங்கள்: வட்டத்துக்குள் புள்ளி தெரிகிறதா? நடுக்கோடு நகர்ந்திருக்கிறதா? வேறு எங்காவது சின்னதாக இன்னொன்று, அல்லது சுண்ணாம்புப் புள்ளி இருக்கிறதா? எச்ஐவி பார்த்தார்களா? (கேட்கக் கூச்சப்படாதீர்கள், எச்ஐவி இருந்தால் டாக்ஸோபிளாஸ்மா என்கிற வேறொரு ஒட்டுண்ணியும் மூளையில் இதே மாதிரி வட்டம் போடும்.) சந்தேகம் இருந்தால் எம்ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோபி என்று ஒன்று எடுப்பார்கள், கட்டிக்குள் என்ன ரசாயனம் இருக்கிறது என்று காட்டும். டிபி கட்டியில் கொழுப்பு தூக்கலாகத் தெரியும், கேன்சரில் கோலின்.

வலிப்பு திரும்ப வந்தால் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். கீழே படுக்கவைத்து, ஒரு பக்கமாகத் திருப்பி, சட்டைப் பட்டனைத் தளர்த்துங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனால் 108.

கொருக்குப்பேட்டை மகன்

சிஸ்டர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் "ஓ, புழுதான்" என்று உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு 58 வயது. காலையில் தலைவலி, வாந்தி, அப்புறம் ஒரு வலிப்பு. ஸ்கேனில் வட்டம் மாதிரிதான் இருந்தது, ஆனால் 3 சென்டிமீட்டருக்கு மேல், ஓரமெல்லாம் கோணல்மாணலாக. ஒரு இடத்தில் டிபியாகவோ புழுவாகவோ இருக்கும் என்று மருந்து தொடங்கினார்கள். வீக்கத்துக்குக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு போட்ட மூன்றாம் நாளே தலைவலி போய்விட்டது, எழுந்து நடந்தார், மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். புழு செத்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆறு வாரத்தில் திரும்ப எடுக்கச் சொன்ன ஸ்கேனை நாங்கள் எடுக்கவில்லை, நன்றாகத்தானே இருக்கிறார் என்று. மூன்று மாதத்தில் இடது கால் இழுக்க ஆரம்பித்தது. பயாப்சியில் (கட்டியில் துளி எடுத்துச் சோதித்ததில்) கிளியோபிளாஸ்டோமா என்கிற மூளைப் புற்று.

சீக்கிரம் எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன், அது கடினமான நோய், அப்படிச் சொல்ல முடியாது என்றார். இருந்தாலும் அந்த மூன்று மாதம் எனக்கு மனதில் அப்படியே இருக்கிறது. ஸ்டீராய்டு புழுவைச் சுற்றி இருக்கிற வீக்கத்தையும் குறைக்கும், கேன்சர் கட்டியைச் சுற்றி இருக்கிற வீக்கத்தையும் குறைக்கும். தலைவலி போனதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். திரும்ப எடுக்கச் சொன்ன ஸ்கேன் தேதியைத் தள்ளாதீர்கள், கடன் வாங்கியாவது எடுங்கள்.

பெரம்பூர் சிஸ்டர்

தம்பி, உங்கள் அப்பா விஷயம் கேட்டு மனசு கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் எழுதியது ரொம்பச் சரி, இதை நானே எழுதியிருக்க வேண்டும். லிம்போமா என்று ஒரு வகை மூளைப் புற்று, ஸ்டீராய்டு போட்டால் ஸ்கேனிலேயே கொஞ்ச நாள் காணாமல் போய்விடும், அப்புறம் பயாப்சி எடுத்தால்கூடச் சிக்காது. அதனால் கேன்சர் சந்தேகம் வலுவாக இருக்கும்போது டாக்டர்கள் ஸ்டீராய்டைத் தள்ளிப்போடப் பார்ப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு இளவயதும் இல்லை, அளவும் தலைக்குள் அழுத்தம் ஏறினால் வருகிற அந்த வாந்தியும் நான் சொன்ன அளவுகோலுக்கு வெளியே. திருவொற்றியூர்த் தங்கச்சி, பொருந்தாத ஒன்று இருந்தாலும் ஆபரேஷனுக்குப் பயந்து ஓடாதீர்கள், சில சமயம் பயாப்சிதான் ஒரே வழி.

மூலக்கொத்தளம் பையன்

ஆஸ்திரேலியாவில் ஒரு அம்மாவின் மூளையில் இருந்து உயிரோடு புழு எடுத்தார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? அப்புறம் முட்டைகோஸ் சாப்பிட்டால் மூளைக்குப் புழு போகும் என்று என் ஆயா வீட்டில் கோஸே வாங்க விடுவதில்லை, அது உண்மையா?

பெரம்பூர் சிஸ்டர்

அது வேறு புழு, ஒபிடாஸ்காரிஸ் என்று பெயர், மலைப்பாம்பின் வயிற்றில் வாழ்வது. 2022ல் கான்பெராவில் 64 வயது அம்மாவுக்கு மூளையில் ஏதோ தெரிகிறது என்று பயாப்சிக்குத் திறந்தபோது, டாக்டர் ஹரிப்பிரியா பண்டி இடுக்கியால் 8 சென்டிமீட்டர் நீளத்தில் நெளிகிற புழுவை எடுத்தார். மனிதரிடம் அதுதான் முதல் தடவை. நம் ஊரில் அதற்குப் பயப்பட வேண்டாம்.

கோஸ் பற்றி, ஆயா சொல்வதில் பாதி உண்மை. கோஸுக்குள் புழு பிறப்பதில்லை. சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த தோட்டத்துக் காய் எதுவானாலும் இலைமடிப்பில் முட்டை ஒட்டியிருக்கலாம், அதைப் பச்சையாகச் சாப்பிட்டால்தான் ஆபத்து. வேகவைத்த பொரியலுக்கு ஒன்றும் ஆகாது. ஆயாவை கோஸ் வாங்கச் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் அக்கா (பதினோரு நாள் கழித்து)

எல்லோருக்கும் முதலில் நன்றி. உடனே எழுத முடியவில்லை, ஆஸ்பத்திரியும் வீடுமாக ஓடிக்கொண்டிருந்தோம்.

அட்வான்ஸ் கட்டவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிஸ்டர் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மெல்லிய அடுக்காக இன்னொரு எம்ஆர்ஐ எடுத்தார்கள். அதில் புள்ளி தெரிந்தது. வியாசர்பாடி அக்கா சொன்ன மாதிரியே, வட்டத்தின் ஓரத்தில். நான் கேட்காமலே டாக்டர் பேனாவால் காட்டினார், எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நடுக்கோடு நகரவில்லை, வேறு எங்கும் எதுவும் இல்லை. மார்பு எக்ஸ்ரே, டிபி டெஸ்ட், எச்ஐவி, கண், எல்லாம் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டு முதலில் தொடங்கி, அதன் பிறகு ஆல்பெண்டசோல். ஐந்து நாள் அட்மிஷனில் வைத்து அனுப்பினார்கள். மூன்றாவது நாள் தலைவலி வந்தது, அது எதிர்பார்த்ததுதான் என்றார்கள், சரியாகிவிட்டது.

வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்யச் சொன்னார். யாருக்காவது குடலில் நாடாப்புழு இருந்தால் அவருக்கும் மருந்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டிலேயே இன்னொருவருக்கு வரலாம் என்றார். யாருக்கும் இல்லை. எங்கள் தெருவில் மழை நாளில் குழாய்த் தண்ணீர் என்ன நிறத்தில் வரும் என்று சொன்னேன், அதிலா என்று கேட்டேன். முட்டை உள்ளே போய் வருடக்கணக்கில் ஆகியிருக்கலாம், எங்கே என்று இனி கண்டுபிடிக்க முடியாது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள் என்றார்.

தம்பிக்குத்தான் வண்டி விஷயம் தாங்க முடியவில்லை. இப்போதைக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் ஃபார்மிலேயே வலிப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறதாமே, அவன் அப்போது இல்லை என்று டிக் அடித்தது உண்மைதான், இப்போது என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் அவனே ஆட்டோவை ஃபிரெண்டிடம் நாள் வாடகைக்கு விட்டுவிட்டான். சாவியைக் கொடுத்துவிட்டு வந்து ரொம்ப நேரம் மாடியில் நின்றான். ஆனால் நேற்று பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றபோது, அவனே போய், அண்ணே, அது கறியால் வருவது இல்லை என்று ஆரம்பித்து முழுசாக விளக்கிக்கொண்டிருந்தான். நான் சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கொருக்குப்பேட்டை அண்ணா, உங்களுக்காகவாவது அந்தத் தேதியைத் தள்ள மாட்டோம்.

பெரம்பூர் சிஸ்டர்

ரொம்ப சந்தோஷம் கண்ணு. வலிப்பு மாத்திரையை அவர்கள் சொல்லும் வரை ஒரு வேளைகூட விடக் கூடாது. பழைய ஸ்கேன் சிடியும் ஃபிலிமும் பத்திரமா? அடுத்த தடவை அதையும் கொண்டுபோக வேண்டும், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சுருங்கியிருக்கிறதா என்று தெரியும்.

திருவொற்றியூர் அக்கா

பத்திரம் சிஸ்டர். ஃபிலிம் மடங்காமல் காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது. சிடி பீரோவில், அம்மாவின் வளையல் டப்பாவுக்குள். வளையலும் அதிலேயேதான் இருக்கிறது.